பிளேஆஃப் நன்று, டிசம்பர் மோசம்: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் 12 அணி முறைக்கு இரண்டு சீசன் விமர்சனம்

2025 டிசம்பர் 20. மிசிசிப்பி மாநிலத்தின் ஆக்ஸ்ஃபோர்டில் பிளேஆஃப் முதல் சுற்று. உள்ளூர் அணி ஓல் மிஸ், எதிரே டுலேன். லீக் ஆட்டங்களில் 11 வெற்றி, ஒரே தோல்வி என்று ஓல் மிஸ்ஸை இந்த இடத்துக்குக் கூட்டிவந்த பயிற்சியாளர் லேன் கிஃபின் மைதானத்தில் இல்லை. மூன்று வாரம் முன்பே லூயிசியானா ஸ்டேட் கல்லூரிக்கு (எல்எஸ்யூ) போய்விட்டார். டுலேனின் பயிற்சியாளர் ஜான் சம்ரல் மைதானத்தில் இருந்தார், ஆனால் ஃப்ளோரிடாவுக்குப் போவதாக ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தார். ஒரு பக்கம் போனவர், மறு பக்கம் போகப்போகிறவர். ஓல் மிஸ் 41-10 என்று ஜெயித்தது.

12 அணி பிளேஆஃபை ஒரு சரக்காக வைத்து எடை போட்டால், அதன் நல்லதும் கெட்டதும் இந்த ஒரு சனிக்கிழமையிலேயே தெரிந்துவிடும். போட்டி அமைப்பு பரவாயில்லை, சில இடங்களில் அருமை. அதை வைத்திருக்கிற மாதம்தான் தப்பு.

புதிதாகப் பார்க்க வருபவர்களுக்குச் சுருக்கமாக: கல்லூரி ஃபுட்பாலின் மேல்மட்டப் பிரிவில் 2025 சீசனில் 136 அணிகள். ஒவ்வொன்றும் லீக் கட்டத்தில் ஆடுவது 12 ஆட்டம்தான். ஐபிஎல்லில் பத்து அணிகள், ஆளுக்கு 14 ஆட்டம், புள்ளிப் பட்டியலில் முதல் நான்கு பேர் உள்ளே என்றால் யாரும் வாய் திறக்க முடியாது. இங்கே அது நடக்காது. 136 பேரில் பெரும்பாலானவர்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பதே இல்லை. அதனால் ஒரு தேர்வுக் குழு உட்கார்ந்து, நவம்பர் முதல் வாராவாரம் செவ்வாய்க்கிழமை முதல் 25 இடங்களை அறிவிக்கிறது. டிசம்பர் முதல் ஞாயிறு வாக்கில் இறுதிப் பட்டியல். அணிகள் சேர்ந்து ஆடும் கூட்டமைப்புக்குக் கான்ஃபரன்ஸ் என்று பெயர். இந்த இரண்டு சீசனிலும் கான்ஃபரன்ஸ் சாம்பியன்களில் மேல் வரிசையில் இருந்த ஐந்து பேருக்கு இடம் உறுதி. மீதி ஏழு இடம் குழுவின் தரவரிசைப்படி. முதல் நான்கு அணிகளுக்கு முதல் சுற்று விடுப்பு, 5 முதல் 8 வரை உள்ளவர்களுக்குச் சொந்த மைதானத்தில் முதல் சுற்று. காலிறுதியும் அரையிறுதியும் சீசன் முடிவில் நடக்கும் பழைய பவுல் ஆட்டங்களின் மைதானங்களில், இறுதிப் போட்டி தனியாக ஒரு ஊரில்.

முதல் வருடம், அதாவது 2024 சீசனில், இதில் ஒரு அபத்தமான விதி இருந்தது. விடுப்பு கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு மட்டும் என்றார்கள். விளைவு: குழுவின் பட்டியலில் 9ஆம் இடத்தில் இருந்த பாய்ஸி ஸ்டேட்டுக்குப் போட்டியில் 3ஆம் எண், 12ஆம் இடத்தில் இருந்த அரிசோனா ஸ்டேட்டுக்கு 4ஆம் எண். 5ஆம் எண் வாங்கிய டெக்சஸுக்கு அதிர்ஷ்டம். முதலில் க்ளெம்சன், அடுத்து அரிசோனா ஸ்டேட் என்று இருப்பதிலேயே லேசான பாதை அதற்குத்தான். தோல்வியே இல்லாமல் முதலிடம் பிடித்த ஓரிகனுக்குக் கிடைத்த பரிசு, காலிறுதியிலேயே ஓஹாயோ ஸ்டேட். ரோஸ் பவுலில் ஓரிகன் கண் திறப்பதற்குள் ஸ்கோர் 34-0. கடைசியில் 41-21. முதலிடத்துக்காக மூன்று மாதம் ரத்தம் சிந்தியவனுக்கு இதைவிட ஐந்தாம் இடம் லாபம் என்றால் அந்தப் பட்டியல் எதற்கு? 2025 மே மாதம் விதியை மாற்றினார்கள். இப்போது குழு கொடுத்த வரிசைப்படியே எண். இந்தப் பழுதைச் சீக்கிரம் பார்த்தார்கள், அதற்கு ஒரு பாராட்டு.

விடுப்பின் கணக்கு இன்னும் சுவாரசியம். 2024இல் விடுப்பு பெற்ற நான்கு அணிகளும் காலிறுதியிலேயே காலி. 2025இல் ஓஹாயோ ஸ்டேட், ஜார்ஜியா, டெக்சஸ் டெக் மூன்றும் காலி, இண்டியானா மட்டும் தப்பியது. இரண்டு வருடக் கணக்கு: ஒரு வெற்றி, ஏழு தோல்வி. எதிராளிகள் பலமானவர்கள் என்பது ஒரு காரணம். இன்னொன்று நாட்காட்டி. டிசம்பர் 6 அன்று கான்ஃபரன்ஸ் இறுதியில் ஆடிய ஓஹாயோ ஸ்டேட் அடுத்து களமிறங்கியது டிசம்பர் 31. இருபத்தைந்து நாள். அதைத் தோற்கடித்த மயாமியோ பதினோரு நாள் முன்புதான் டெக்சஸ் ஏ அண்ட் எம் மைதானத்தில் 10-3 என்று ஒரு முரட்டு ஆட்டம் ஆடிவிட்டு வந்திருந்தது. காயம் ஆற இடைவெளி உதவும், ஆனால் பந்து எறியும் குவாட்டர்பேக்கும் அதைப் பிடிக்கும் ஆட்களும் நேரக்கணக்கை மறந்துவிடுவார்கள். பயிற்சியில் முழு வேகத்தில் மோத விட்டால் காயம், விடாவிட்டால் மந்தம். விடுப்பை வெறும் லாபமாகவே எண்ணிக் கணக்குப் போடும் ரசிகர்கள் இந்த 1-7ஐ ஒருமுறை பார்க்க வேண்டும்.

இந்தப் போட்டியின் மிகச் சிறந்த பகுதி முதல் சுற்று. ஆட்டத் தரத்துக்காக இல்லை. அது ஏமாற்றம்தான்: இரண்டு வருடத்தின் எட்டு ஆட்டங்களில் ஒற்றை இலக்க வித்தியாசத்தில் முடிந்தது அந்த மயாமி - ஏ அண்ட் எம் ஆட்டம் ஒன்றே. மற்றவை 10, 28, 14, 25, 10, 31, 17. ஆனால் டிசம்பர் குளிரில், லட்சம் பேர் உட்காரும் கல்லூரி மைதானத்தில், மாணவர் கூட்டம் கத்த, தெற்கத்திய அணி ஒன்று நடுங்கிக்கொண்டு இறங்குவது இந்த விளையாட்டில் வேறெங்கும் கிடைக்காது. 2024இல் டென்னஸி, ஓஹாயோ ஸ்டேட்டின் ஊரான கொலம்பஸுக்குப் போன இரவு அதற்கு உதாரணம். காலிறுதியையும் இப்படியே கல்லூரி மைதானங்களுக்குக் கொண்டுவராமல் பவுல் கமிட்டிகளுக்குப் பயந்து விட்டுவைத்திருப்பது கோழைத்தனம். இண்டியானா ரசிகர் ஒருவர் 2026 ஜனவரியில் தன் அணியைத் தொடர்ந்திருந்தால், பாசடீனா, அட்லான்டா, மயாமி கார்டன்ஸ் என்று 19 நாளில் மூன்று பயணம். முதலிடம் பிடித்த அணிக்குத் தன் ஊரில் ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூட இல்லை.

தேர்வுக் குழுவுக்கு வருவோம். 2025இன் பெரிய சண்டை நோட்டர் டேமும் மயாமியும். ஆகஸ்ட் 31 அன்று மயாமி நோட்டர் டேமை 27-24 என்று வென்றது. இரண்டும் 10 வெற்றி, 2 தோல்வி (10-2) என்று முடித்தன. ஆனாலும் குழு வாராவாரம் நோட்டர் டேமையே மேலே வைத்தது. கடைசிக்கு முந்தைய பட்டியலில் 10 நோட்டர் டேம், 11 பிஒய்யூ, 12 மயாமி. அந்த வாரக் கடைசியில் நோட்டர் டேமும் மயாமியும் ஆடவே இல்லை. பிஒய்யூ மட்டும் டெக்சஸ் டெக்கிடம் 34-7 என்று அடி வாங்கிக் கீழே இறங்கியது. உடனே மயாமி 10, நோட்டர் டேம் 11. நடுவில் நின்ற ஆள் விலகியதும் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வந்தன, அதனால் நேரடி ஆட்டத்தைப் பார்த்தோம் என்பது விளக்கம். முடிவு சரி. வந்த வழி கேலிக்கூத்து. ஆகஸ்டில் நடந்த ஆட்டத்தை டிசம்பரில் கண்டுபிடிப்பதற்கு வாராந்திரப் பட்டியல் எதற்கு? செவ்வாய் இரவு தொலைக்காட்சிக்கு ஒரு நிகழ்ச்சி வேண்டும், அவ்வளவுதான். நோட்டர் டேம் கோபத்தில் வேறு எந்த பவுல் ஆட்டமும் வேண்டாம் என்று சீசனையே மூடிவிட்டது.

அந்த மயாமி, தன் கான்ஃபரன்ஸான ஏசிசியின் இறுதிக்குக்கூடத் தகுதி பெறவில்லை. சமநிலை உடைக்கும் விதிகளின் சிக்கலில் 7-5 டியூக் அங்கே போய், வர்ஜீனியாவைக் கூடுதல் நேரத்தில் தோற்கடித்து சாம்பியன் ஆனது. ஐந்து தோல்வி கண்ட சாம்பியன் வரிசையில் எங்கோ கீழே இருந்ததால், ஐந்து சாம்பியன் இடங்களில் இரண்டு டுலேனுக்கும் ஜேம்ஸ் மேடிசனுக்கும் போயின. ஏசிசி இறுதிக்கு வராத மயாமியோ நாட்டின் இறுதிப் போட்டிவரை வந்தது.

இனி டிசம்பர். 2025-26 நாட்காட்டியை வரிசையாக வைத்துப் பாருங்கள். நவம்பர் 29 சனிக்கிழமையோடு லீக் கட்டம் முடிகிறது. டிசம்பர் 3 புதன் முதல் பள்ளி மாணவர்கள் கல்லூரி அணிகளில் சேரக் கையெழுத்திடும் காலம். 6ஆம் தேதி கான்ஃபரன்ஸ் இறுதிகள். 7ஆம் தேதி பிளேஆஃப் பட்டியல். 19, 20 முதல் சுற்று. டிசம்பர் 31, ஜனவரி 1 காலிறுதி. ஜனவரி 2 அன்று வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் வீரர்களுக்கான போர்ட்டல் திறக்கிறது. 8, 9 அரையிறுதி. 16 அன்று போர்ட்டல் மூடல். 19 இறுதி. அரையிறுதிக்குத் தயாராகும் அணியின் மாற்று வீரர் அதே வாரத்தில் அடுத்த வருடத்துக்கு வேறு ஊர் பார்த்துக்கொண்டிருப்பார். இறுதிக்கு வரும் அணிகளின் வீரர்களுக்குப் பிறகு ஐந்து நாள் தனியாகத் தருகிறார்கள், ஆனால் அதற்குள் நல்ல இடங்கள் நிரம்பியிருக்கும்.

பயிற்சியாளரை நீக்கிய கல்லூரி ஏன் ஜனவரிவரை காத்திருப்பதில்லை என்பதற்கு விடை டிசம்பர் 3இல் இருக்கிறது. அந்தத் தேதிக்குள் புதிய பெயர் அறிவிக்கப்படாவிட்டால் பள்ளி மாணவர்கள் சிதறிவிடுவார்கள். அதனால்தான் நீக்கங்கள் செப்டம்பருக்கே நகர்ந்துவிட்டன. 2025இல் யுசிஎல்ஏவும் வர்ஜீனியா டெக்கும் செப்டம்பர் 14, அடுத்து ஓக்லஹோமா ஸ்டேட், ஆர்கன்சா, அக்டோபரில் பென் ஸ்டேட், ஃப்ளோரிடா, எல்எஸ்யூ, நவம்பர் 2 ஆபர்ன். முந்திக்கொண்டால் போதும் என்பதும் பொய். பென் ஸ்டேட் அக்டோபர் 12 அன்றே ஜேம்ஸ் ஃபிராங்க்ளினை அனுப்பியது. புதியவர் மேட் கேம்பெல் வந்தது டிசம்பர் 5. நடுவில் வந்த கையெழுத்து நாளில் அங்கே ஒப்பமிட்டவர்கள் இரண்டே பேர். ஃபிராங்க்ளின் அதற்குள் வர்ஜீனியா டெக்கில் நாற்காலி போட்டு, தான் பேசிவைத்திருந்த பையன்களை அங்கே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு நாற்காலி காலியானால் மூன்று ஊர் ஆடும். ஆபர்ன் ஹ்யூ ஃப்ரீஸை நீக்கியது. அந்த இடத்துக்கு சவுத் ஃப்ளோரிடாவின் அலெக்ஸ் கோலேஷ். சவுத் ஃப்ளோரிடாவின் இடத்துக்கு ஓஹாயோ ஸ்டேட்டின் தாக்குதல் பிரிவை நடத்திய பிரையன் ஹார்ட்லைன். ஆக ஆபர்ன் இருக்கும் அலபாமா மாநிலத்தில் நவம்பரில் எடுத்த முடிவு, அப்போதைய சாம்பியன் ஓஹாயோ ஸ்டேட்டின் பயிற்சி அறையை டிசம்பரில் வந்து தட்டியது. ஓரிகனின் நிலை இன்னும் விசேஷம்: தாக்குதல் பிரிவின் வில் ஸ்டைன் கென்டக்கிக்கு, தடுப்புப் பிரிவின் டாஷ் லுபோய் கலிஃபோர்னியாவுக்கு, இருவருமே தலைமைப் பயிற்சியாளராக. இருவரும் பிளேஆஃப் முடியும்வரை இருந்து இரண்டு வேலை பார்த்தார்கள். ஏ அண்ட் எம்மின் காலின் க்ளைன் கன்சாஸ் ஸ்டேட்டுக்கு. ஜேம்ஸ் மேடிசனின் பாப் செஸ்னி யுசிஎல்ஏவுக்கு. பகலில் எதிரணியின் வீடியோ, இரவில் புதிய கல்லூரிக்கு ஆள் சேர்ப்பு என்று ஓடும் ஒருவர் மூன்றாம் டவுனில் (பந்தை நகர்த்தக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது) எந்த உத்தியைச் சொல்ல வேண்டும் என்று எவ்வளவு யோசித்திருப்பார் என்பதை எந்தப் புள்ளிவிவரமும் காட்டாது. அதனாலேயே பிளேஆஃப் வாய்ப்பைக் கணிப்பவர்கள் தலைமைப் பயிற்சியாளரை மட்டும் பார்க்காமல், இரண்டு பிரிவுகளையும் நடத்துபவர்கள் எங்கே போகிறார்கள் என்று பார்க்க வேண்டும். தலைவர் இருந்தும் ஆட்டம் கலைவது அங்கேதான்.

கிஃபின் விஷயத்தில் ரசிகர்கள் இரண்டு கட்சி. பிளேஆஃப் முடியும்வரை அவரை வைத்திருந்திருக்கலாம் என்பது ஒன்று. அதே கான்ஃபரன்ஸின் போட்டிக் கல்லூரிக்குப் போகிறவரை வீரர்கள் அறையில் எப்படி விடுவது என்பது மற்றது. ஓல் மிஸ் நிர்வாகம் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்து, தடுப்புப் பிரிவின் பீட் கோல்டிங்கைத் தலைமைக்கு உயர்த்தியது. நிர்வாகம் செய்தது சரி. டுலேன் சம்ரலை வைத்துக்கொண்டது வேறு கதை, ஃப்ளோரிடாவும் டுலேனும் ஒரே வீரர்களுக்காக அடித்துக்கொள்வது அபூர்வம். எல்எஸ்யூவும் ஓல் மிஸ்ஸும் வருடம் முழுவதும் ஒரே கதவைத் தட்டுகிறவர்கள். கோல்டிங்கின் கீழ் ஓல் மிஸ் டுலேனை வென்று, சுகர் பவுலில் ஜார்ஜியாவை 39-34 என்று கவிழ்த்து, அரையிறுதியில் மயாமியிடம் 31-27 என்று தோற்றது. கிஃபின் இல்லாவிட்டாலும் ஆகும் என்று இதிலிருந்து முடிவு கட்டுகிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: தாக்குதல் பிரிவை நடத்திய சார்லி வைஸ் ஜூனியரும் எல்எஸ்யூவுக்குப் போனவர்தான், ஆனால் பிளேஆஃபுக்காகத் திரும்பி வந்து தாக்குதல் உத்திகளைச் சொன்னார். சமையல்காரர் மாறவில்லை, கல்லாவில் உட்கார்ந்தவர்தான் மாறினார். கோல்டிங்கின் சொந்தக் கணக்கு 2026இல்தான் தொடங்குகிறது.

‘இவரைத் தூக்கு’ என்று கத்துவதில் கல்லூரி ஃபுட்பால் ரசிகர்களை யாரும் மிஞ்ச முடியாது. 2024 நவம்பர் 30 அன்று ஓஹாயோ ஸ்டேட் தன் மைதானத்திலேயே மிச்சிகனிடம் 13-10 என்று தோற்றபோது, பயிற்சியாளர் ரயன் டே போக வேண்டும் என்று ஊரே சொன்னது. 51 நாள் கழித்து அவர் கையில் தேசியக் கோப்பை. பழைய நான்கு அணி முறையாக இருந்திருந்தால் அந்தத் தோல்வியோடு சீசன் முடிந்திருக்கும், ஒருவேளை அவர் வேலையும். மயாமியின் பயிற்சியாளர் மாரியோ கிறிஸ்டோபல் கதையும் அதே மாதிரிதான்: 2023இல் முட்டி போட்டு நேரத்தைக் கழித்தாலே ஜெயிக்கும் ஆட்டத்தை ஜார்ஜியா டெக்கிடம் விட்டவர், 2025இல் லூயிவிலிடமும் எஸ்எம்யூவிடமும் தோற்றவர், அதே சீசனில் இறுதிவரை போனார். 12 அணி முறை ரசிகர்களுக்குத் தந்த உருப்படியான உதவி இதுதான்: அக்டோபர் தோல்வி மரண அடி இல்லை. ஆனால் நிர்வாகங்கள் அதைப் புரிந்துகொண்டதாகத் தெரியவில்லை. முந்தைய ஜனவரியில் அரையிறுதியில் நின்ற பென் ஸ்டேட், அடுத்த சீசனில் ஓரிகன், யுசிஎல்ஏ, நார்த்வெஸ்டர்ன் அணிகளிடம் வரிசையாக மூன்று தோல்வி கண்டதும் ஆளையே மாற்றிவிட்டது. பிளேஆஃப் கதவு அகலமானதும் உள்ளே போகாதவர்கள் மீதான கோபமும் அகலமாகிவிட்டது.

நீக்கும் செலவைப் பேசாமல் பயிற்சியாளர் மாற்றத்தைப் பேச முடியாது. ஒப்பந்தக் காலம் முடிவதற்குள் அனுப்பினால் மீதிச் சம்பளத்தின் பெரும்பகுதியைக் கல்லூரி தர வேண்டும். எல்எஸ்யூ பிரையன் கெல்லியை அனுப்பியபோது பேசப்பட்ட தொகை சுமார் 5.4 கோடி டாலர். ஃபிராங்க்ளினுக்கு சுமார் 4.9 கோடி. 2023இல் ஏ அண்ட் எம் ஜிம்போ ஃபிஷருக்கு ஒப்புக்கொண்டது 7.5 கோடிக்கும் மேல். ஆனால் தலைப்புச் செய்தித் தொகையை அப்படியே நம்பாதீர்கள். ஒப்பந்தத்தில் ஈடுகட்டும் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், நீக்கப்பட்டவர் புதிய வேலையில் வாங்கும் சம்பளம் பழைய கல்லூரியின் பாக்கியிலிருந்து கழியும். ஃபிராங்க்ளின் வர்ஜீனியா டெக்குக்குப் போனதும் பென் ஸ்டேட்டின் சுமை சுமார் 90 லட்சம் டாலராகச் சுருங்கியது. ஃபிஷருக்கு அப்படிப்பட்ட கழிவு இல்லை. அவர் வேலை பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் பணம் வரும்.

இண்டியானாவைப் பார்த்துத்தான் எல்லோருக்கும் தலைகால் புரியவில்லை. 2023இல் 3-9. நாட்டிலேயே அதிகத் தோல்வி சுமந்த அணிகளில் ஒன்று. பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டி ஜேம்ஸ் மேடிசனிலிருந்து வந்தார். 2024இல் 11-2, பிளேஆஃப். 2025இல் 16-0, இறுதியில் மயாமியை 27-21 என்று வென்று சாம்பியன். 16-0 என்பது 1894இல் யேலுக்குப் பிறகு யாரும் செய்யாதது. உடனே ஒவ்வொரு ஊரிலும் எங்களுக்கும் ஒரு சிக்னெட்டி வேண்டும் என்கிறார்கள். அவர் தனியாக வரவில்லை என்பதை யாரும் சொல்வதில்லை. தாக்குதல் பிரிவின் மைக் ஷனஹனும் தடுப்புப் பிரிவின் பிரையன்ட் ஹெயின்ஸும் கூடவே வந்தார்கள், இரண்டு சீசனும் கூடவே இருந்தார்கள். ஜேம்ஸ் மேடிசன் வீரர்கள் பத்துக்கு மேற்பட்டவர்களும் வந்தார்கள். முறை தெரிந்த ஆட்களோடு முறையைத் தொடங்கினால் முதல் வருடம் பாடம் நடத்தி வீணாகாது. பிறகு கலிஃபோர்னியாவிலிருந்து குவாட்டர்பேக் ஃபெர்னாண்டோ மெண்டோசா வந்தார், சீசனின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருதையும் வாங்கிவிட்டார்.

இரண்டு வருடத்தில் பிளேஆஃபில் நின்ற 24 இடங்களையும், பயிற்சியாளருக்கு அந்த அணியில் அது எத்தனையாவது சீசன் என்று எண்ணிப் பார்த்தால் படம் தெளிவாகும். வெளியிலிருந்து வந்து முதல் சீசனிலேயே உள்ளே நுழைந்தவர் 2024இன் சிக்னெட்டி ஒருவர்தான். பாய்ஸி ஸ்டேட்டின் ஸ்பென்சர் டேனியல்சனுக்கும் அது முதல் முழு சீசன், ஆனால் அவர் வீட்டுக்குள்ளேயே உயர்ந்தவர். கோல்டிங்கும் அப்படியே. இரண்டாம் சீசனில் நுழைந்தவர்களோ ஆறு பேர்: அரிசோனா ஸ்டேட்டின் டில்லிங்ஹம், சிக்னெட்டி, ஏ அண்ட் எம்மின் எல்கோ, அலபாமாவின் டிபோர், சம்ரல், செஸ்னி. ஆக 2026இல் பென் ஸ்டேட்டோ ஃப்ளோரிடாவோ உள்ளே வரும் என்று பந்தயம் கட்டுகிறவர்கள் 24இல் ஒன்று மீது கட்டுகிறார்கள். 2027க்குக் கட்டினால் அது பேச்சு.

புதிய பயிற்சியாளர் அறிவிக்கப்பட்டதும் மேடைப் பேச்சைக் கேட்காதீர்கள், அடுத்த ஆறு வாரத்தில் சில விஷயங்களைக் கவனியுங்கள். பழைய இடத்திலிருந்து இரண்டு பிரிவுத் தலைவர்களும் கூட வருகிறார்களா, உடற்பயிற்சி ஆள் வருகிறாரா. புதியவர் அறிவிக்கப்பட்ட ஐந்து நாளுக்குப் பிறகு அந்த அணியின் வீரர்களுக்கு 15 நாள் தனி வெளியேறும் காலம் உண்டு, அதில் தாக்குதல் வரிசையின் கனத்த ஆட்கள் எத்தனை பேர் போகிறார்கள் என்று எண்ணுங்கள். பந்து பிடிக்கும் ரிசீவர்கள் போனால் போர்ட்டலில் வாங்கலாம், குவாட்டர்பேக்கைக் காக்கும் தேர்ந்த டாக்கிள் கிடைப்பது குதிரைக் கொம்பு. ஜனவரி 16க்குள் குறைந்தது ஒரு சீசன் முழுக்க ஆடிய குவாட்டர்பேக் வந்துவிட்டாரா என்பது எல்லாவற்றிலும் முக்கியம். முன்பு வசந்த காலத்திலும் ஒரு போர்ட்டல் இருந்தது, தவறு செய்தால் ஏப்ரலில் திருத்தலாம். இப்போது அது இல்லை. பணம் வேறு: 2025 ஜூலை முதல் கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பங்கு தரலாம், முதல் வருட உச்சவரம்பு 2.05 கோடி டாலர், எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து. அதில் ஃபுட்பாலுக்கு எவ்வளவு என்று நிர்வாகம் சொல்லத் தயங்கினால், புதிய பயிற்சியாளர் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் கையைக் கட்டிவிட்டுத்தான் நீந்த விடுகிறார்கள். கடைசியாக அட்டவணை. எல்எஸ்யூ, ஓல் மிஸ் இருக்கும் எஸ்இசி கான்ஃபரன்ஸின் அணிகள் 2026 முதல் எட்டுக்குப் பதில் ஒன்பது கான்ஃபரன்ஸ் ஆட்டம் ஆடப்போகின்றன. கூடுதலாக ஒரு கடினமான சனிக்கிழமை. அங்கே 9-3 என்று முடிப்பவர்கள் கூடுவார்கள், 9-3க்கு இதுவரை இந்தக் குழு கதவைத் திறந்ததில்லை என்று சொல்ல முடியாது, 2024இல் க்ளெம்சன் அப்படித்தான் வந்தது, ஆனால் அது கான்ஃபரன்ஸ் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு வந்தது.

தொலைக்காட்சி வசதி சுமார். முதல் சுற்றின் வெள்ளிக்கிழமை ஆட்டம் தனியாக, நன்றாக இருக்கிறது. சனிக்கிழமை இரண்டு ஆட்டங்களைத் தொழில்முறை லீகான என்எஃப்எல்லுக்கு நேர் எதிரே வைத்து, அவற்றை டிஎன்டி அலைவரிசைக்கு உள்வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். இந்தியாவிலிருந்து பார்ப்பவர்களுக்கு வெள்ளி இரவு ஆட்டம் சனிக்கிழமை காலை 6.30, இறுதி செவ்வாய் காலை 6 மணி. காபியோடு பார்க்கலாம், ஒன்பதரைக்கு மேல் அலுவலகம் என்றால் கடைசி நிமிடங்கள் பேருந்தில்தான்.

2026க்கும் 12 அணிகளே. 16 என்று ஒருவர், 24 என்று ஒருவர் இழுத்ததில் எதுவும் முடிவாகவில்லை. மாறுவது உள்விதி: எஸ்இசி, பிக் டென், பிக் 12, ஏசிசி சாம்பியன்கள் நால்வருக்கும் இடம் உறுதி, சிறிய கான்ஃபரன்ஸ்களிலிருந்து ஒருவர், முதல் 12க்குள் வந்தால் நோட்டர் டேமுக்கும் உறுதி. இதே விதி 2025இல் இருந்திருந்தால் டியூக் உள்ளே, நோட்டர் டேம் உள்ளே. இறுதிவரை போன மயாமியின் 10ஆம் இடம் ஆட்டம் கண்டிருக்கும். பழுது பார்க்கிறோம் என்று வேறு பலகையைப் பெயர்த்திருக்கிறார்கள். டிசம்பரை மட்டும் யாரும் தொடவில்லை.

ஆட்டத்துக்கு பத்தில் எட்டு, நாட்காட்டிக்கு மூன்று. செப்டம்பரில் எல்எஸ்யூ ஆக்ஸ்ஃபோர்டுக்கு ஆடப் போகிறது, கிஃபினும் அதே மைதானத்துக்கு விருந்தாளியாக வருவார். அந்த டிக்கெட்டை இப்போதே பார்த்து வையுங்கள். பிளேஆஃப் முதல் சுற்றைவிடச் சத்தம் அங்கேதான் இருக்கும்.